திறக்க முடியாத மிக்ஸி: பழுதுபார்ப்பதா, எடைக்குப் போடுவதா?

2025 மார்ச் 9, காலை 10.20 (கேள்வி)

எங்கள் வீட்டு மிக்ஸி வாங்கி நான்கு ஆண்டுகள்தான் ஆகின்றன. சென்ற வாரம் சட்னி அரைத்துக்கொண்டிருக்கும்போது நின்றுவிட்டது. பழுதுபார்க்கும் கடைக்காரர் கவிழ்த்துப் பார்த்துவிட்டு, "அடித்தட்ட ஒட்டி மூடிட்டாங்கம்மா, உடைச்சாத்தான் திறக்கும், உடைச்சா நான் பொறுப்பில்ல" என்று திருப்பித் தந்துவிட்டார். நிறுவனத்தின் சேவை மையத்தில் மோட்டார் பகுதியை முழுவதுமாக மாற்ற வேண்டும் என்கிறார்கள். அதற்குக் கேட்கும் தொகையோடு இன்னும் கொஞ்சம் சேர்த்தால் புதிய மிக்ஸியே வாங்கிவிடலாம். என் மாமியாரின் மிக்ஸி இருபத்திரண்டு ஆண்டுகள் உழைத்தது. குப்பையைக் குறையுங்கள், தரம் பிரியுங்கள் என்று எங்களுக்குத்தான் எல்லோரும் அறிவுரை சொல்கிறார்கள். நாங்கள் பொருளைப் பேணத் தவறுகிறோமா, அல்லது பொருளே அப்படிச் செய்யப்படுகிறதா? எடைக்குப் போட மனம் வரவில்லை. ஈரோட்டிலோ பக்கத்திலோ வழி இருந்தால் சொல்லுங்கள்.

2025 மார்ச் 9, இரவு 9.45

பொருளே அப்படிச் செய்யப்படுகிறது, சகோதரி. கோவையில் வீட்டுச் சாதனங்களுக்கான பிளாஸ்டிக் அச்சுகளை வரையும் வேலையில் பதினாறு ஆண்டுகள் இருந்தவன் என்ற முறையில் இதைச் சொல்கிறேன். அந்தக் கதையைப் பிறகு எழுதுகிறேன். முதலில் உங்கள் மிக்ஸியைப் பார்ப்போம்.

பிளக்கைப் பிடுங்கிவிட்டுக் கவிழ்த்துப் பாருங்கள். அடியில் பெரும்பாலும் சிவப்பு நிறத்தில் ஒரு சிறு பொத்தான் இருக்கும். சுமை மிகுந்தால் மின்னோட்டத்தைத் துண்டிக்கும் சுவிட்ச் அது. சற்று ஆறவிட்டு அழுத்தினாலே பல மிக்ஸிகள் மீண்டும் ஓடும். அது காரணமில்லை என்றால், கருகிய வாடை வந்ததா என்று நினைவுபடுத்திப் பாருங்கள். வாடை வராமல் நின்றிருந்தால் பெரும்பாலும் கார்பன் பிரஷ் தேய்ந்திருக்கும். மிக்ஸியின் மோட்டார் சுமையில்லாதபோது நிமிடத்துக்கு 18,000 சுற்றுக்கு மேல் சுழல்வது. நடுவே சுழலும் கம்பிச்சுற்றான ஆர்மேச்சருக்கு மின்சாரத்தைக் கொண்டுசேர்ப்பவை இருபுறமும் உரசிக்கொண்டிருக்கும் இரண்டு கார்பன் கட்டைகள். பென்சிலின் கரிமுனை எழுத எழுதத் தேய்வதுபோல் அவை ஓட ஓடத் தேயும். தேய்வதற்காகவே செய்யப்பட்ட பாகம் என்பதால் மாற்றுவதற்கு வழி வைத்துத்தான் மிக்ஸியைச் செய்திருக்க வேண்டும். ஒரு ஜோடி பிரஷ் ஒரு வேளைச் சிற்றுண்டியின் விலைக்குக் கிடைக்கும். அதைப் போய்த் தொட முடியாதபடி அடித்தட்டை ஒட்டிவைத்துவிட்டு மோட்டாரையே மாற்றச் சொல்வதுதான் இங்கே நடக்கும் அநியாயம்.

மேலே ஜார் உட்காரும் இடத்தில், மோட்டாரின் சுழற்சியை ஜாருக்குக் கடத்தும் கப்ளரின் பல் தேய்ந்திருந்தாலும் ஜார் சுற்றாது. ஆனால் அப்போது மோட்டாரின் ஓசை கேட்கும். கப்ளரை இடப்பக்கமாகத் திருப்பிக் கழற்றிவிடலாம்.

2025 மார்ச் 10, காலை 6.30

நேற்று நான் எழுதியதில் கடைசி வரியை யாரும் அப்படியே பின்பற்ற வேண்டாம். மிக்ஸியில் கப்ளர்கள் இரண்டு: மோட்டார் தண்டின் மேல் ஒன்று, ஜாரின் அடியில் ஒன்று. இரண்டும் ஓட ஓடத் தாமே இறுகும்படி மரை வெட்டப்பட்டிருக்கும். மோட்டாரின் மேலுள்ளது அரைபடும் பொருளின் எதிர்ப்பால் பின்னுக்குத் தள்ளப்பட்டு இறுகுகிறது. ஆகையால் அதை மோட்டார் சுழலும் திசையிலேயே திருப்பினால்தான் கழலும். ஜாரின் அடியிலுள்ளதற்கு அதற்கு நேர்எதிர்த் திசை. தவறான பக்கம் பலங்கொண்டு திருப்பினால் நைலான் கப்ளர் உடைந்துவிடும்.

கப்ளரைப் பற்றி இன்னொன்றையும் சொல்ல வேண்டும். ஜாரில் ஏதாவது சிக்கிக்கொண்டால் மோட்டார் எரியக்கூடாது, தண்டு வளையக்கூடாது, கப்ளரின் பல் மட்டும் போகட்டும் என்று கணக்குப் போட்டு அதை மென்மையான பொருளில் செய்தார்கள். மலிவான ஒரு பாகம் தன்னைக் கொடுத்து விலையுயர்ந்த பாகத்தைக் காக்கும் ஏற்பாடு அது. இன்றும் எந்தத் தெருமுனைப் பாத்திரக் கடையிலும் கப்ளர் கிடைக்கிறது; வீட்டிலேயே மாற்றுகிறோம். நீடித்த வடிவமைப்புக்கு எடுத்துக்காட்டைத் தேடி வேறு நாட்டுக்குப் போக வேண்டியதில்லை. கப்ளருக்குக் கிடைத்த அந்த மரியாதை கார்பன் பிரஷுக்கு ஏன் கிடைக்கவில்லை என்பதே என் கேள்வி.

2025 மார்ச் 16, மாலை 4.10

சொல்வதாகக் கூறிய கதை.

நான் வேலைக்குச் சேர்ந்தபோது வரைந்த முதல் அடித்தட்டில் நான்கு திருகாணிகள் இருந்தன. ரப்பர் கால்களைப் பிடுங்கினால் அடியில் தெரியும். சில ஆண்டுகள் கழித்துச் செலவுக் குறைப்புக் கூட்டம் ஒன்று நடந்தது. நான்கு திருகாணி, அவற்றை முடுக்க ஒரு தொழிலாளி, முடுக்கும் நேரம் ஆகியவற்றைக் கூட்டிப் பார்த்தபோது ஒரு மிக்ஸிக்கு ஆகும் தொகை மிகச் சிறியது. இலட்சக்கணக்கில் பெருக்கியபோது அது பெரிதாகத் தெரிந்தது. மீயொலிப் பற்றவைப்பு செய்யலாம் என்று முடிவாயிற்று. அந்த முறையில் ஒரு பாகத்தின் ஓரத்தில் அரை மில்லிமீட்டர் உயரத்தில், கத்தியின் முனைபோல, ஒரு முக்கோண வரம்பை வைக்க வேண்டும். மற்றப் பாகத்தை அதன்மேல் வைத்து விநாடிக்கு 20,000 முறை அதிரவைத்தால் வரம்பு உருகி இரண்டும் ஒன்றாகிவிடும். மூச்சு விடும் நேரம்கூட ஆகாது. தோற்றமும் அழகாக இருக்கும். கண்ணுக்கு ஒரு திருகாணி தெரியாது.

அந்த வரம்பை வரைந்தவன் நான். திரையில் அதைப் பெரிதாக்கிக் கோணத்தைச் சரிபார்த்தது இன்றும் நினைவில் இருக்கிறது. இதை ஒருவர் எப்படித் திறப்பார் என்று அந்த அறையில் இருந்த யாரும் கேட்கவில்லை, நானும் கேட்கவில்லை. திறக்கும் ஆள் எங்கள் கணக்கில் இல்லை. செலவுப் பட்டியலில் திருகாணிக்கு ஒரு வரி இருந்தது. நான்கு ஆண்டுகள் கழித்து ஒரு குடும்பம் முழு மிக்ஸியையும் எடைக்குப் போடும் செலவுக்கு வரியே இல்லை, ஏனெனில் அது எங்கள் செலவு அல்ல. உங்கள் கடைக்காரர் சொன்ன "ஒட்டி மூடிட்டாங்க" என்ற சொல்லைப் படித்தபோது எனக்குத் தூக்கம் வரவில்லை. அந்தக் கூட்டத்தில் வாய் திறந்து கேட்டிருக்க வேண்டும்.

2025 மார்ச் 17, இரவு 8.00

திருகாணி வைத்தால் மட்டும் நீடிக்குமா, பிளாஸ்டிக்கில் நான்கு முறை கழற்றி மாட்டினால் மரை போய்விடாதா என்று ஒரு நண்பர் கேட்டிருக்கிறார். நியாயமான கேள்வி. பிளாஸ்டிக் துளையில் நேராக இறங்கும் திருகாணி ஒவ்வொரு முறையும் கொஞ்சம் பொருளை அரித்துக்கொண்டு வெளியே வரும். அதைத் தவிர்க்கத் துளைக்குள் பித்தளை மரைக்குழாய் பதிக்கலாம். எத்தனை முறை வேண்டுமானாலும் திறக்கலாம். ஆனால் கடைசியில் அந்த மிக்ஸி மறுசுழற்சி அரவைக்குப் போகும்போது பித்தளையை எடுக்காமல் பிளாஸ்டிக்கை அரைப்பது கடினம். நீண்ட நாள் வாழவைக்கும் அதே ஏற்பாடு மறுசுழற்சிக்கு இடைஞ்சலாகிறது. இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கச் சொன்னால், நான் தயங்காமல் பித்தளையைத்தான் வைப்பேன். பழுதுபார்க்கத்தக்க பொருள் பதினைந்து ஆண்டுகளுக்கு ஒரு முறை அரவைக்குப் போகும். மற்றது நான்கு ஆண்டுகளுக்கு ஒரு முறை போகும்.

2025 மார்ச் 30, காலை 11.15

நம் நாட்டு மிக்ஸியே ஒரு பழுதிலிருந்துதான் பிறந்தது என்பதை இந்த இழையில் பதிவுசெய்ய விரும்புகிறேன். 1960களின் தொடக்கத்தில் சீமென்ஸ் நிறுவனத்தில் பொறியாளராக இருந்தவர் சத்யபிரகாஷ் மாத்தூர். அவருடைய மனைவி மாதுரி வைத்திருந்த ஜெர்மானிய பிரவுன் மிக்ஸி பழுதாகிவிட்டது. அதைச் சரிசெய்து தர இங்கே ஆள் இல்லை. சாறு பிழியவும் மாவு கலக்கவும் செய்யப்பட்ட அந்த இயந்திரத்தால் நம் ஊர் மஞ்சளையும் மிளகையும் உளுந்தையும் தாங்க முடியவில்லை. இந்தியச் சமையலுக்கு ஏற்ற ஒன்றை நீங்களே செய்து கொடுங்கள் என்று மாதுரி கணவரிடம் கேட்டதன் விளைவாக 1963இல் சுமீத் என்ற மிக்ஸி வந்தது.

வலுவான மோட்டாரைப் பற்றியே எல்லோரும் இதில் பேசுவார்கள். எனக்கு முக்கியமாகப் படுவது வேறு. இங்கே எந்தப் பொருள் அரைபடும், யார் பயன்படுத்துவார், கெட்டால் யார் சரிசெய்வார் என்ற மூன்றையும் கேட்டுச் செய்த பொருள் இந்த நாட்டில் நிலைத்தது. மூன்றாவது கேள்வி நடுவில் எங்கோ கைவிடப்பட்டுவிட்டது.

2025 ஏப்ரல் 5, இரவு 9.20

மாமியாரின் மிக்ஸி என்று நீங்கள் எழுதியதிலிருந்து என் பாட்டியின் வீட்டு வாசல் நினைவுக்கு வந்துகொண்டே இருக்கிறது. "அம்மி கொத்தறது, ஆட்டுக்கல் கொத்தறது" என்று கூவிக்கொண்டு உளியும் சுத்தியலுமாக ஒருவர் வருவார். கல்லின் மேற்பரப்பு வழவழத்துப் போனால் மாவு அரைபடாது. அவர் வந்து புள்ளி புள்ளியாகக் கொத்திச் சொரசொரப்பாக்கிவிட்டுப் போவார். அன்று முதல் சில நாள் சாம்பாரில் கல் நறநறக்கும் என்று பாட்டி முதல் ஈட்டுக்குத் தவிட்டைப் போட்டு அரைத்துக் கொட்டுவார். பித்தளைப் பாத்திரத்துக்கு ஈயம் பூசுபவர் தெருவோரத்திலேயே துருத்தி வைத்து, பாத்திரத்தைச் சூடாக்கி, நவச்சாரத்தைத் தூவி, வெள்ளீயத்தை உருக்கித் துணியால் ஒரு சுற்றுச் சுற்றுவார். அழுக்குப் பாத்திரம் வெள்ளிபோல் வெளியே வரும். தேயும் என்று தெரிந்தே செய்த பொருள்கள் அவை. தேய்மானத்தைச் சரிசெய்பவரும் அந்தப் பொருளோடு சேர்த்தே எண்ணப்பட்டவர்.

மின்சாரம் வந்தபோதும் இந்தப் பண்பு உடனே போய்விடவில்லை. 1955இல் கோவையில் பி. சபாபதி மின்சார ஆட்டுக்கல்லைச் செய்தார். பின்னாளில் கோயம்புத்தூர் வெட் கிரைண்டர் புவிசார் குறியீடும் பெற்றது. பழைய சாய்க்கும் கிரைண்டரின் அடிப்பக்கத்தைப் பாருங்கள்: மோட்டார் தனி, பெல்ட் தனி, பாத்திரம் தனி, கல் தனி. பெல்ட் தளர்ந்தால் பெல்ட்டை மட்டும் மாற்றுவார்கள், கல் தேய்ந்தால் கொத்துவார்கள், காயில் (மோட்டாரின் கம்பிச் சுருள்) எரிந்துபோனால் புதிதாகச் சுற்றிக் கட்டுவார்கள். முப்பது ஆண்டு ஓடிய கிரைண்டர்கள் எங்கள் தெருவில் இன்றும் இருக்கின்றன.

சுவிட்சர்லாந்தைச் சேர்ந்த கட்டடக் கலைஞர் வால்டர் ஸ்டாகெல் 1976இல் ஐரோப்பிய ஆணையத்துக்காக ஒரு சக ஆய்வாளருடன் எழுதிய அறிக்கையில் ஒன்றைக் காட்டினார். தொழில்துறை செலவிடும் ஆற்றலில் பெரும்பங்கு சிமெண்டு, எஃகு போன்ற அடிப்படைப் பொருள்களைத் தயாரிப்பதில் போகிறது. அவற்றைக் கொண்டு பொருள்களைச் செய்வதில் ஆள்வேலை பெரும்பங்கு. ஆகவே பொருளின் ஆயுளை நீட்டினால் ஆற்றல் மிச்சமாகும், வேலை பெருகும். பொருளைக் குப்பையாக்காமல் மீண்டும் மீண்டும் பயன்படுத்தும் சுழற்சிப் பொருளாதாரம் என்று இன்று பேசப்படுவதன் வேர்களில் அதுவும் ஒன்று. ஈயம் பூசியவருக்கு இதை யாரும் விளக்க வேண்டியிருந்திருக்காது.

2025 ஏப்ரல் 6, காலை 7.05

நேற்று எழுதியதை இரவு மீண்டும் படித்தேன். பழையதெல்லாம் நல்லது என்ற தொனி வந்துவிட்டது. அம்மி கொத்துபவரின் கண்ணில் கல்துகள் தெறிக்கும். ஈயம் பூசுபவர் நாள் முழுவதும் புகையைச் சுவாசிப்பார். அவர்களுக்குக் கூலியும் குறைவு, மரியாதையும் குறைவு. அந்த ஏற்பாட்டை அப்படியே திரும்பக் கொண்டுவர நான் கேட்கவில்லை. பழுதுபார்ப்பவரை மனத்தில் வைத்துப் பொருளைச் செய்யும் வழக்கத்தைத்தான் கேட்கிறேன்.

2025 ஏப்ரல் 13, மாலை 5.40

மின்விசிறியைப் பற்றி ஒரு நண்பர் எழுதியது என்னை இரண்டு நாள் யோசிக்க வைத்துவிட்டது. அவருடைய வீட்டு விசிறி 1990களில் வாங்கியது; மூன்று முறை காயில் கட்டி, இரண்டு முறை பேரிங் மாற்றி இன்னும் ஓடுகிறது; இதுதானே நீங்கள் சொல்லும் வழி என்கிறார்.

இங்கே என் கருத்தை நான் திருத்திக்கொள்ள வேண்டியிருக்கிறது. பழைய விசிறி சுமார் 75 வாட் இழுக்கும். இப்போது வரும் பிஎல்டிசி (பிரஷ் இல்லாத நேர்மின்னோட்ட மோட்டார்) விசிறி சுமார் 30 வாட்டில் அதே காற்றைத் தரும். நாளுக்கு 12 மணிநேரம் ஓடினால் ஆண்டுக்கு ஏறத்தாழ 197 யூனிட் வித்தியாசம். நாள் முழுவதும் ஓடும் பொருளில் பழையதைக் கட்டிக்காப்பது எப்போதும் சரியாகாது. மிக்ஸி வேறு, அது ஒரு நாளில் பத்து நிமிடம் ஓடுகிறது. அதன் மின்செலவு சிறிது. அதற்குள் இருக்கும் செம்பும் எஃகும் பிளாஸ்டிக்கும்தான் பெரிது. ஆகவே ஆயுளை நீட்டுவது மிக்ஸிக்கு முழுவதும் பொருந்தும். விசிறிக்கு ஓடும் நேரத்தைப் பார்த்துத்தான் சொல்ல வேண்டும்.

ஆனால் அதே பிஎல்டிசி விசிறியைத் திறந்து பார்த்தால் எனக்குக் கோபம் வருகிறது. பழைய விசிறியில் கெடுவது பெரும்பாலும் ஒரு கப்பாசிட்டர், வீட்டிலேயே மாற்றிவிடலாம். புதியதில் ஒரு மின்னணுப் பலகை இருக்கிறது. சிலவற்றில் அதை ரெசின் ஊற்றிக் கெட்டியாக்கி வைத்திருக்கிறார்கள். ஈரத்திலிருந்து காக்கத்தான் என்பது உண்மைதான். ஆனால் அதில் ஒரு சிறிய பாகம் கெட்டாலும் பலகையையே மாற்ற வேண்டும். அந்த மாடல் சந்தையிலிருந்து போய்விட்டால் பலகையும் கிடைக்காது. மின்சாரத்தில் மிச்சம் பிடித்ததைக் குப்பையில் கொட்டுகிறோம்.

2025 ஏப்ரல் 14, காலை 9.00

காயில் கட்டுவதைப் பற்றிச் சொல்லும்போது ஒன்று விடுபட்டுவிட்டது. மோட்டார் வாங்குமுன் உள்ளே செம்புக் கம்பியா, அலுமினியக் கம்பியா என்று கேளுங்கள். அலுமினியம் செம்பில் ஏறத்தாழ 61 விழுக்காடே மின்சாரத்தைக் கடத்தும்; இணைப்பில் எளிதில் ஒடியும்; கட்டுபவர்கள் அதைத் தொடவே தயங்குவார்கள். செம்பு எத்தனை முறை உருக்கினாலும் தன் தன்மையை இழக்காது. காயலான் கடையில் அதற்குத் தனி மதிப்பு. எரிந்த மோட்டாரை வீட்டுக்காரர் பத்திரமாகக் கொண்டுபோய்க் கொடுக்கக் காரணமே அந்தச் செம்புதான்.

2025 மே 11, இரவு 8.30

இம்மாதத் தொடக்கத்தில் ஒன்றிய நுகர்வோர் விவகாரத் துறை அமைத்த குழு பழுதுபார்ப்புக் குறியீடு பற்றிய அறிக்கையை அளித்திருக்கிறது. பொருளைப் பிரிப்பது எவ்வளவு எளிது, உதிரிபாகம் கிடைக்குமா, என்ன கருவி தேவை என்பவற்றுக்கு மதிப்பெண் போட்டு வாங்கும் இடத்திலேயே காட்ட வேண்டும் என்பது அதன் கருத்து. பிரான்ஸ் 2021 ஜனவரி 1 முதல் சில பொருள்களுக்குப் பத்துக்கு இத்தனை என்று மதிப்பெண்ணை விலைச்சீட்டுக்குப் பக்கத்தில் காட்டுகிறது. உதிரிபாகத்தின் விலையும் அங்கே மதிப்பெண்ணில் சேரும். உங்கள் சேவை மையம் மோட்டார் பகுதிக்குக் கேட்ட தொகையை அந்தக் கணக்கில் வைத்தால் என்ன மதிப்பெண் வரும் என்று எண்ணிப் பாருங்கள்.

ஆனால் நம் குழு முதலில் கைபேசியையும் டேப்லெட்டையும் மட்டுமே எடுத்துக்கொண்டிருக்கிறது. மிக்ஸிக்கு என்று இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் ஐஎஸ் 4250 இருக்கிறது. அடித்தட்டைச் சாதாரணத் திருப்புளியால் திறக்க முடிய வேண்டும், பிரஷை வெளியிலிருந்தே மாற்ற முடிய வேண்டும் என்ற இரண்டு வரிகளை அதில் சேர்த்தால் போதும். கைத்துளைக் கருவியிலும் உலோகத்தைத் தேய்க்கும் கிரைண்டிங் கருவியிலும் பிரஷுக்கு வெளியிலேயே திருகு மூடி வைப்பது நெடுநாள் வழக்கம். தொழிற்சாலைக்குத் தெரிந்த வித்தை சமையலறைக்கு மட்டும் வராமல் இருக்கிறது.

மின்கழிவு விதிகள் 2022 இருக்கின்றனவே, உற்பத்தியாளர்தானே பொறுப்பு என்று ஒருவர் எழுதியிருந்தார். 2023 ஏப்ரல் 1 முதல் அவை நடப்பில் உள்ளன. பட்டியலில் இருந்த 21 வகைப் பொருள்கள் 106 ஆயின. நல்ல முன்னேற்றம்தான். ஆனால் உற்பத்தியாளர் தன் பொறுப்பை நிறைவேற்றியதற்குக் காட்டும் மறுசுழற்சிச் சான்றிதழ் தங்கம், செம்பு, அலுமினியம், இரும்பு ஆகியவற்றின் எடையைக் கொண்டு கணக்கிடப்படுகிறது. பிரஷ் தேய்ந்த மிக்ஸியை உடைத்துச் செம்பை எடுத்தால் கணக்கில் வரவு ஏறும். தெருமுனைக் கடைக்காரர் பிரஷை மாற்றி அதே மிக்ஸியைப் பத்து ஆண்டு ஓடவைத்தால் எந்தக் கணக்கிலும் ஏறாது. பதிவு பெற்ற புதுப்பிப்பாளர்களுக்கு விதியில் இடம் உண்டு. மேசையும் சால்டரிங் இரும்பும் மட்டும் வைத்திருப்பவருக்கு அது எட்டாது.

2025 ஜூன் 1, மாலை 6.15

2011 செப்டம்பரில் தமிழக அரசு மிக்ஸி, கிரைண்டர், மின்விசிறி மூன்றையும் விலையில்லாமல் கொடுக்கத் தொடங்கியது. ஒரு கோடிக்கும் மேற்பட்ட குடும்பங்களுக்குப் போய்ச் சேர்ந்தன. அம்மியின் முன் குனிந்திருந்த எத்தனையோ பெண்களின் முதுகுவலியைப் போக்கிய திட்டம் அது. அதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. வடிவமைப்பாளனாக எனக்கு ஓர் ஏக்கம் உண்டு. அவ்வளவு பெரிய எண்ணிக்கையில் வாங்குபவர் ஒப்பந்தப்புள்ளியில் எழுதுவதுதான் வடிவமைப்பு. எல்லா மிக்ஸிக்கும் ஒரே அளவு கப்ளர், ஒரே அளவு பிரஷ், ஒரே அளவு ஜார் புஷ் (பிளேடின் தண்டைத் தாங்கும் வளையம்) என்று ஒரு வரி இருந்திருந்தால், தமிழ்நாடு முழுவதும் ஒரு டப்பா உதிரிபாகத்தோடு எல்லா மிக்ஸியையும் சரிசெய்திருக்கலாம். இனி அரசுப் பள்ளிக்கும் விடுதிக்கும் எதை மொத்தமாக வாங்கினாலும் இந்த வரியைச் சேர்க்கலாம்.

2025 ஜூலை 6, இரவு 9.50

ஈரோட்டுச் சகோதரி நேற்றுப் படங்களோடு எழுதியிருந்தார். வேறொரு கடைக்காரர் பொறுப்பேற்றுக்கொண்டு, ஒட்டின இடத்தை ரம்பத் தகட்டால் சுற்றி அறுத்து அடித்தட்டை எடுத்திருக்கிறார். காயில் நன்றாக இருக்கிறது, ஆர்மேச்சர் நன்றாக இருக்கிறது. ஒரு பிரஷ் நகக்கண் அளவுக்குத் தேய்ந்திருக்கிறது. ஜாரின் புஷ் வழியாக ஒழுகிய நீர் வெளியேறும் சிறு துளையும் காய்ந்த மாவால் அடைபட்டிருந்தது. புதிய பிரஷ் போட்டு, துளையைச் சுத்தம் செய்து, உள்ளே நான்கு மூலையிலும் சிறிய அலுமினியக் கோணத் துண்டுகளை வைத்துத் திருகாணியால் அடித்தட்டை மாட்டியிருக்கிறார். படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். அறுத்த ஓரத்தில் அந்த அரை மில்லிமீட்டர் வரம்பு இருந்த சுவடு தெரிகிறது.

சகோதரி, அவரிடம் ஒன்று மட்டும் சொல்லுங்கள். உள்ளே உலோகத் துண்டும் வெளியே உலோகத் திருகாணியும் தொட்டுக்கொண்டிருப்பது நல்லதல்ல. கம்பி நழுவினால் திருகாணியில் மின்சாரம் வரும். ஆகவே அந்த நான்கு திருகாணிகளையும் கழற்றிவிட்டு நைலான் திருகாணி போடச் சொல்லுங்கள். அது தானாக மரை வெட்டாது என்பதால் கோணத் துண்டில் 4 மி.மீ. மரை வெட்டச் சொல்ல வேண்டும், 12 மி.மீ. நீளம் போதும். மாட்டிய பிறகு மெகர் (மின்காப்பைச் சோதிக்கும் கருவி) வைத்து மின்கசிவைச் சோதித்துவிட்டு ஓட்டுங்கள். ஈரோட்டில் கிடைக்கவில்லை என்றால் எழுதுங்கள், கோவையிலிருந்து எட்டாக வாங்கி அனுப்புகிறேன். நான்கை அவரே வைத்துக்கொள்ளட்டும்.